மனுவின் முதல் வரி: ஆயிரம் ரூபாயா, ஏலக்கூடமா?

தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர்ப் பொதுவிலிருந்து வேட்பாளர்களுக்கு ஒரு மனு கொடுப்போம். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அதே மனுதான். போன முறை அதில் 17 கோரிக்கை இருந்தது. இறங்குதளத்துக்குச் சாலை, வலைக்கூடம், ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம், சுடுகாட்டுப் பாதை, உயர்கோபுர விளக்கு என்று வரிசையாக எழுதியிருந்தோம். வந்தவர்கள் கும்பிட்டு வாங்கி, பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். விளக்கு மட்டும் வந்தது.

இந்த முறை கூட்டத்தில் வேறு யோசனை எழுந்தது. ஒரே பக்கம் எழுதுவோம், முதல் வரியில் ஒரே ஒரு கோரிக்கை வைப்போம், சரி என்று சொல்கிறவரிடம் எந்த மாதத்துக்குள் என்று கேட்போம். எல்லாருக்கும் இது பிடித்திருந்தது. அந்த ஒன்று எது என்று கேட்டதும்தான் சத்தம் கிளம்பியது. மாதம் வரும் ஆயிரத்தைக் கூட்டச் சொல்லு என்றார்கள் பெண்கள். தடைக்காலத்துக்கு எட்டாயிரம் எந்த மூலைக்கு என்றார்கள் படகில் கூலிக்குப் போகிறவர்கள். கச்சத்தீவை எழுது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்றார்கள் விசைப்படகு வைத்திருக்கிற இரண்டு அண்ணன்கள். ஏதாவது ஒரு கம்பெனி வரட்டும் என்றார்கள் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பையன்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் எழுந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்த்தேன். எங்களுக்கு மட்டுமான கேள்வியாக இது எனக்குப் படவில்லை. நாடு வேகமாக வளர்கிறது, பணம் ஒரு பக்கமே சேர்கிறது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். எந்த மருந்தை முதலில் கேட்பது என்ற கேள்வி எல்லா ஊருக்கும் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் வடகடலைப் பார்த்து இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பாக் விரிகுடா என்பதை நாங்கள் வடகடல் என்போம், பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். மாநிலத்தின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் கிட்டத்தட்ட கால்பங்கு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் 2018இல் நிதி ஆயோக் நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டில் ஒன்று எங்களுடையது, இன்னொன்று விருதுநகர். தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 2024-25இல் 11.19 சதவீதம் வளர்ந்தது. எங்கள் கரைக்கும் அந்த வளர்ச்சி வரத்தான் செய்கிறது, கூலர் வண்டியில். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நின்று, நாங்கள் பிடித்த நண்டை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த நண்டுச் சதை அமெரிக்கா வரைக்கும் போகும் சரக்கு. அதைப் பிடித்தவர் வீட்டில் நண்டு வலைக்குக் கடன்.

உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டில் இருக்கும் 1 சதவீதம் பேருக்குப் போயிருக்கிறது. கீழே இருக்கும் பாதி சனத்துக்கு எல்லாருமாகச் சேர்ந்து கிடைத்தது 15 சதவீதம். இப்படிப்பட்ட இடைவெளி இருக்கும் இடத்தில்தான் வெகுசன அரசியல் வேர்விடும். அதில் இரண்டு வகையைப் பார்க்கிறேன். ஒன்று கையில் கொடுக்கும். இன்னொன்று, உன் கஷ்டத்துக்கு அவன்தான் காரணம் என்று ஒரு ஆளைக் காட்டும். இரண்டிலும் தலைவர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம், நடுவில் யாரும் கிடையாது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

முதலில் அந்த ஆயிரம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது. ஆரம்பத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போனது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 13,807 கோடி ஒதுக்கினார்கள். கையில் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2006இல் டிவி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அந்த வாக்குறுதிகள் தேர்தல் முறைகேடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. இப்போது மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் என்று பல மாநிலங்களிலும் பெண்கள் கணக்கில் மாதாமாதம் பணம் விழுகிறது.

இதை ஓசி என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலைக்குப் போகிறவர். முள் குத்தி, உப்புத் தண்ணீரில் ஊறி, விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோனவர். ரேஷன் கடை மெஷினில் கைரேகை வைத்தால் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் எடுக்கும். மாதம் பாதியில் போனில் மணி அடித்தால் என்னிடம் நீட்டி, வந்திருச்சா பாரு என்பார். முதல் வருசம் அந்தப் பணத்தில் சேர்த்து ஒரு கண்ணாடி வாங்கினார். 52 வயதில், யாரிடமும் கேட்காமல் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. இப்போது நண்டின் கால் முனையைப் பார்த்துக் கழற்றுகிறார், முன்பு தடவிக் கழற்றுவார். அந்தக் கண்ணாடிக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் விலை போட முடியாது.

அதே பணம் மற்ற மாதங்களில் எங்கே போகிறது என்பதும் எனக்குத் தெரியும், நோட்டு என்னிடம்தானே இருக்கிறது. வாராவாரம் குழு லோன் கட்ட வேண்டும். வசூலுக்கு வரும் பையன் 15ஆம் தேதியைத் தெரிந்து வைத்திருக்கிறான். மளிகைக் கடைக்காரரும் தெரிந்து வைத்திருக்கிறார். தொகை 2,000 ஆனால் வசூல் தவணையும் ஏறும் என்பது என் பயம். ஏற்கெனவே சில வீடுகளில், மாதாமாதம் பணம் வருகிறதே என்ற தைரியத்தில் இரண்டாவது லோன் எடுத்திருக்கிறார்கள்.

தடைக்கால நிவாரணமும் இதே ரகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அதற்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 131 ரூபாய். கூட்டிக் கேட்பது நியாயம்தான். இன்னொரு மானியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி நீக்கிய டீசல் விசைப்படகுக்கு வருசத்துக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். படகு இல்லாமல் கூலிக்குப் போகிறவருக்கு லிட்டர் கணக்கு கிடையாது. பெரிய படகுக்குப் பெரிய உதவி, படகில்லாதவருக்கு 131 ரூபாய். மானியம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் கிடக்கின்றன. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பணம் எது, கூட்டும் பணம் எது என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

ஆக, 1,000 ரூபாயை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். அது நிற்கட்டும். முதல் வரியில் அதை எழுதவும் எனக்கு மனம் வரவில்லை, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கச்சத்தீவுக்கு வருவோம். இதைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. எங்கள் ஊரிலேயே இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அந்த நாட்களில் அடுப்பு எரிந்த கணக்கும் எனக்குத் தெரியும். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. 1976இல் நடந்த கடிதப் பரிமாற்றத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மீன்பிடிக்கும் வழியும் அடைபட்டது. கரையில் யாரையும் கேட்காமல் நடந்த காரியம் என்ற கோபம் நியாயமானது. தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கோபத்தை ஒருவர் எடுத்துத் தூசி தட்டுவார். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது பிரதமரே எடுத்தார்.

ஆனால் ஒரு விசைப்படகு பிடிபட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முதலாளிக்குப் படகு போகிறது, பல லட்சம். கூலிக்குப் போனவர் சிறைக்குப் போகிறார், வீட்டுக்கு அரசு ஒரு தினப்படி கொடுக்கிறது. இரண்டும் இழப்புதான், ஆனால் ஒரே இழப்பு இல்லை. கச்சத்தீவு என்று எல்லாரும் சேர்ந்து முழங்கும்போது முதலாளியும் கூலியும் ஒரே குரல் ஆகிவிடுகிறார்கள். கீழே இறங்கியதும் பங்கு பிரிப்பதில் பழைய கதைதான். எதிரியைக் காட்டும் அரசியலின் வேலை இப்படித்தான் நடக்கிறது. தூரத்தில் இருக்கும் எதிரி பெரிதாகப் பெரிதாக, பக்கத்தில் இருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அந்தப் பக்கம் இருப்பவரும் நம்மைப் போல வலை போட்டுப் பிழைக்கும் தமிழர்தான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்கள் சொல்வது, கடல் தரையோடு வாரி இழுக்கும் உங்கள் இழுவை மடி வலை எங்கள் சிறு வலைகளை அறுத்துவிட்டுப் போகிறது என்பது. இதையே எங்கள் நாட்டுப்படகுக்காரர்களும் எங்கள் பக்கத்து விசைப்படகுகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். தீவு திரும்பி வந்தாலும் மடி அரித்த தரையில் மீன் உடனே வந்துவிடாது. இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற 2017இல் ஒரு திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய் படகு, மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. அதாவது எட்டு லட்சம் கையில் இருக்கிறவர்தான் உள்ளேயே போக முடியும். ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் பழக்கமும் வேண்டும், நாள்கணக்கில் கடலில் தங்கவும் வேண்டும். 2,000 படகு மாறும் என்று பேச்சு, அந்த வேகத்தில் மாறவே இல்லை. இன்னும் எளிதாக வாங்கும்படி அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பது கச்சத்தீவு என்று முழங்குவதை விட உருப்படியான காரியம். மனுவில் மூன்றாவதாக அதை வைத்திருக்கிறேன்.

கோபத்தையும் கொடையையும் ஒரே நேரத்தில் காட்டி ஓட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2019 கடைசியில் இலங்கையில் புதிய ஆட்சி வந்ததும் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். கைதட்டல் கிடைத்தது, கஜானாவில் ஓட்டை விழுந்தது. அப்புறம் கொரோனா, சுற்றுலா நின்றது. 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள், விளைச்சல் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிக்கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். அதற்கு முந்தின மாதமே தனுஷ்கோடிப் பக்கம் ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டு, வெயிலில் காத்துக் கிடந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து மண்டபம் முகாமில் சேர்த்தார்கள். போருக்குத் தப்பி வந்தவர்களைப் பார்த்த கரை இது. அரிசி விலைக்கும் பால்மாவு விலைக்கும் தப்பி வந்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தோம். தமிழ்நாட்டின் நிலை அது இல்லைதான். ஆனாலும் மாநிலத்தின் நிலுவைக் கடன் 2026 மார்ச்சில் 9.29 லட்சம் கோடி என்று பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். யார் அதிகம் தருகிறார் என்ற ஏலத்தில் நாமும் கை தூக்குவதற்கு முன் அந்த மணல்திட்டை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய தொழில் வரட்டும் என்கிற பையன்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 127.71 கோடியில் 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். நல்லதுதான். பாசி வளர்ப்பில் எங்கள் பெண்களுக்கு அனுபவம் உண்டு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை. ஒரு காலத்தில் நன்றாகவே ஓடியது, பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் கடல் சூடேறிப் பாசி அழுகியபோது நட்டம் மிதவை கட்டிய பெண்கள் தலையில் விழுந்தது. வாங்கும் கம்பெனி ஒன்று, விற்கிறவர்கள் ஆயிரம் பேர் என்றால் விலையை யார் சொல்வார்கள்? பூங்கா வந்தாலும் இந்தக் கேள்வி நிற்கும். மேலும் கட்டடம் எழும்பி வேலை கிடைக்கும் வரைக்கும் இவர்கள் திருப்பூரிலோ துபாயிலோதான் இருப்பார்கள்.

தலைமை ஆசிரியர் சொன்னது வேறு கனம். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன் பெரிய சீக்கு என்றாலே மதுரைக்குத்தான். நூறு கிலோமீட்டருக்கும் மேல். என் அப்பாவை ஒரு வாடகைக் காரில் கொண்டுபோனபோது, பரமக்குடி தாண்டும் வரை பேசிக்கொண்டு வந்தார். இப்போது அந்தத் தூரத்தில் பாதிகூட இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் இன்னமும் மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிரப்புகிறோம். ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை எந்தப் பட்ஜெட்டிலும் எழுத மாட்டார்கள், பெண்களின் நேரம் என்பதால்.

பள்ளியும் மருந்தும் தண்ணீரும் ஏழைக்குக் கிடைத்தால் ஏற்றத்தாழ்வு குறையும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1956இல் காமராசர் போட்ட மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்தது, 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. மதிய உணவையும் அந்தக் காலத்தில் வீண் செலவு என்று சொன்னவர்கள் உண்டு. இன்றைக்கு அதை நிறுத்துவேன் என்று சொல்லி ஒரு வார்டில்கூட ஜெயிக்க முடியாது. தாய்லாந்திலும் இதைப் பார்க்கலாம். 2001இல் தக்சின் சினவத்ர ஜெயித்தது 30 பாட் கட்டினால் எந்தச் சிகிச்சையும் என்ற வாக்குறுதியோடு. நகரத்து மேல்தட்டு அதை ஓட்டுக்கான கவர்ச்சி என்று ஏசியது. 2006இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. மருத்துவத் திட்டத்தைக் கவிழ்க்க முடியவில்லை, 2002இலேயே சட்டமாகிவிட்டிருந்தது. தலைவர் போனாலும் நிற்கும் கோரிக்கை எது என்று பார்க்க இது நல்ல அளவுகோல்.

அப்படியானால் ஆசிரியர் சொன்னதையே முதல் வரியில் எழுதலாமே? முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அவற்றுக்கு ஏற்கெனவே துறை இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், மனுநீதி நாள் இருக்கிறது. ஆசிரியர் பணியிடத்துக்கும் குழாய்க்கும் தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை, தள்ளிக்கொண்டே இருந்தால் நகரும். எந்தத் துறையும் தொடாத ஒன்றுக்குத்தான் அரசியல் வேண்டும். அது கரையிலேயே, எங்கள் காலடியில் இருக்கிறது.

காலை ஆறரை மணி. சித்தப்பாவின் வத்தை, அதாவது சிறு நாட்டுப்படகு, கரை தட்டுகிறது. அவரும் தம்பியும் இரவு போட்ட நண்டு வலையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெண்கள் உட்கார்ந்து நண்டைக் கழற்றிக் கூடையில் போடுகிறார்கள். ஏஜென்ட் தராசு வைக்கிறார். தண்ணீர் வடியட்டும் என்று கூடைக்குக் கொஞ்சம் கழிக்கிறார். கால் ஒடிந்தது தனி, சின்னது தனி, அதற்கெல்லாம் வேறு விலை. விலை என்ன என்று சித்தப்பா கேட்பதே இல்லை. கேட்கும் உரிமையை வலை வாங்கிய அன்றைக்கே விற்றுவிட்டார். வலை புதிதாகப் போட ஏஜென்ட் முன்பணம் கொடுத்திருக்கிறார். வட்டி கிடையாது. ஒரே நிபந்தனை, நண்டை வேறு யாருக்கும் போடக்கூடாது.

ஒரு மாதம் நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். முன்பணம் வாங்காத ஒரு படகுக்கு வெளி வியாபாரி கொடுத்த விலைக்கும் சித்தப்பாவுக்குக் கிடைத்த விலைக்கும் கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம். நாளைக்கு எட்டுக் கிலோ, மாதத்தில் 15 நாள் தொழில். 6,000 ரூபாய். இரண்டு பேருக்கும் பிரித்தால் வீட்டுக்கு 3,000. எடைக் கழிவை நான் இதில் சேர்க்கவே இல்லை. சித்தியின் கணக்கில் மாதம் 1,000 விழுகிறது. அதே வீட்டிலிருந்து கரையில் மாதம் 3,000 போகிறது. அந்த ஆயிரத்தை இரண்டாயிரமாக்கினாலும் கணக்கு நேராகாது. முதல் வரியில் அதை எழுத மனம் வராததற்கு இதுதான் காரணம்.

ஏஜென்ட் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலி என்றால் கதவைத் தட்டி 5,000 வாங்கக்கூடிய ஒரே வீடு அவருடையது. வரத்து அதிகமான நாளிலும் நண்டைத் திருப்பி அனுப்ப மாட்டார். அவர் கையையும் மேலே இருக்கும் கம்பெனி முன்பணம் கொடுத்துக் கட்டியிருக்கிறது. ஆளை மாற்றினால் இது தீராது, வேறு கடன் வழி வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கட்டுமரக்காரர்கள் ஊர்ச் சங்கம் வைத்துத் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கங்கள் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கின. கேரள அரசு 1984இல் மத்ஸ்யஃபெட் என்ற மீனவர் கூட்டுறவுக் கூட்டமைப்பைத் தொடங்கியது. முறை எளிது. கரையில் எல்லார் முன்னாலும் ஏலம், அன்றன்றைக்குக் கணக்கு, விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு. மீன் இல்லாத நாளில் தவணையும் இல்லை. வாராவாரம் வந்து நிற்கும் குழு லோன் பையனுக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான். கடலின் மனசைத் தெரிந்துகொண்டு போடப்பட்ட தவணை.

எங்கள் பக்கமும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. நான் பார்த்தவரை பெரும்பாலும் நிவாரணத்துக்குப் பெயர் எழுதும் இடமாகத்தான் இருக்கின்றன, ஏலம் விடும் இடமாக இல்லை. மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு என்று 2018-19 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். படகுப் பதிவும் கையில் காகிதமும் உள்ளவருக்கு அது எட்டுகிறது. பாசி எடுக்கும் பெண்ணுக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் எட்டுவது கஷ்டம். தாய்லாந்தில் தக்சின் ஊருக்குப் பத்து லட்சம் பாட் கொடுத்து, ஊர்க்காரர்களே குழு அமைத்துக் கடன் கொடுக்கச் சொன்னார். கடன் பரவலாகக் கிடைத்தது, வாங்கிச் செலவழிப்பதும் கூடியது. ஆனால் பணம் கொடுத்தால் மட்டும் போதாது என்பது எங்கள் குழு லோன் அனுபவம். விற்கும் இடமும் கடன் கொடுக்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் முன்பணத்தின் பிடி விடும். அதோடு ஐஸ் வேண்டும். நண்டு சாவதற்குள் விற்றாக வேண்டும் என்கிற அவசரம் இருக்கும் வரை ஏலம் கேட்பவர்தான் ராஜா.

எந்தக் கட்சியும் இதைத் தானாகச் சொல்லாது. ஏலக்கூடத்தில் தலைவர் படம் மாட்டலாம், ஆனால் போனில் மணி அடிக்காது. பலன் தெரிய இரண்டு வருசம் ஆகும். அதை விட முக்கியமாக, கரையில் முன்பணம் கொடுக்கும் ஆட்களை நம்பித்தான் பல ஊர்களில் கட்சிகளின் பூத் செலவு நடக்கிறது. ஏழைக்குப் பணம் கொடுப்பதில் யாருக்கும் நட்டம் இல்லை, கஜானாவுக்கு மட்டும்தான். ஏழையின் தராசை நிமிர்த்தினால் பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு நட்டம். அதனால்தான் இதை நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது என் தம்பி ஒரு கேள்வி கேட்டான். பழைய முன்பணத்தை யார் அடைப்பது? அதை அடைக்காமல் சங்கத்துக்கு நண்டு போட்டால் மறுநாள் வலையைப் பிடுங்கிக்கொண்டு போவார். அவன் கேட்டது சரி. அதனால் முதல் வரியை மாற்றி எழுதினேன்: 'பெண்களும் கூலித் தொழிலாளரும் உறுப்பினராக உள்ள சங்கத்தின் ஏலக்கூடமும் ஐஸ் அறையும், அதன் வழியே பழைய முன்பணம் அடைக்க ஒரு முறை கடனும் வேண்டும்.' இரண்டாவது வரியில் குடிநீர், மூன்றாவதில் ஆழ்கடல் படகுத் திட்டத் திருத்தம், நான்காவதில் உரிமைத் தொகை குறையாமல் தொடர வேண்டும் என்பது.

எவ்வளவு கடன் என்று தொகை போடாமல் கொடுத்தால் அதுவும் பின்னால் நிற்கிற ஆள் கைக்குத்தான் போகும். அதனால் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறோம். ஊரில் 43 படகு. 31 பேர் சொல்லிவிட்டார்கள். மீதி 12 பேர் வாய் திறக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் ஏஜென்ட் காதுக்குப் போய்விடும் என்ற பயம். பெயர் வேண்டாம், தொகை மட்டும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போடச் சொல்லலாம் என்றார் சித்தி. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு டப்பாவோடு போகிறேன்.